புள்ளியியல் புத்தகம் வாங்குமுன்

தாம்பரம் பக்கம் கல்லூரியில் புள்ளியியலை முதன்முதலாகப் படிப்பவரா? தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புப் புள்ளியியல் நூலில் தொடங்குங்கள். தமிழிலும் உண்டு, இணையத்தில் இலவசம். குப்தா–கபூர் எழுதிய கனத்த புத்தகம் கணிதம் கைவந்தவர்களுக்கு, பி.காம்., உளவியல் மாணவர்கள் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

எந்த நூலானாலும் திட்டவிலக்கம் பாடத்தைப் புரட்டுங்கள். மாதிரிக்குக் கணக்கிடும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுப்பது ஏன் என்று விளக்குகிறதா? வெறும் சூத்திரம்தான் என்றால் அப்படியே வைத்துவிடுங்கள். பயிற்சிகளுக்கு விடையும் வேண்டும்.

மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். அங்கே உட்கார்ந்து ஒரு பாடம் படித்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பழைய பதிப்பு தாராளமாகப் போதும். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். இயல்நிலைப் பரவல் அட்டவணை கிழிந்திருக்கக் கூடாது.