கொம்பை எண்ணும் வெளிச்சம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமமும் எடுத்துவிட்டாய். அடுத்து ஸ்கோப் வாங்க வேண்டும், "இருட்டுல நல்லா தெரியற மாதிரி எது மாமா?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாய். உன் அம்மா ஞாயிறுதோறும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. நானும் தமிழிலேயே எழுதுகிறேன், நிதானமாகப் படி. ஊரில் தாத்தாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டாதே. அங்கே 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில்தான். நவம்பர் மாதம் நான் காட்டுக்குப் போவது மீன் பிடிக்க என்றுதான் அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இருட்டில் தெரிகிற ஸ்கோப் என்று ஒன்று கிடையாது. கடைக்காரர்கள் "வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கும்" என்பார்கள். கண்ணாடிக்கு அந்த வித்தை தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன் வழியாகத் தெரியும் மான், வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக இருக்காது. ஒரு துளி மங்கித்தான் தெரியும். ஆனால் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் விவரம் பிடிபடும். அதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

எத்தனை நேரத்துக்காகக் கொடுக்கிறோம் என்பதையும் கணக்குப் பார். பென்சில்வேனியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை மான் சுடலாம். நவம்பர் கடைசியில் பாட்டர் கவுண்டிப் பக்கம் 4:40 வாக்கில் சூரியன் மறைகிறது. 5:10-க்கெல்லாம் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆக, காலையில் ஒரு அரை மணி, மாலையில் ஒரு அரை மணி. வெள்ளைவால் மான் நடமாடுவதும் அந்தக் கருக்கல்களில்தான் என்பதால் இந்த அரை மணிகள் முக்கியம். ஆனால் அதற்குமேல் உனக்கு வேலை இல்லை. ஜெர்மனியில் கதை வேறு. அங்கே மானுக்கே அஸ்தமனத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குப் பிறகு வரும் இராத் தடை காட்டுப்பன்றிக்குக் கிடையாது. நிலா வெளிச்சத்தில் பரண்மேல் உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருக்கும் அவர்களுக்காகத்தான் 8x56 என்ற தடியன் ஸ்கோப் பேர் வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு இங்கே நாமும் ஆசைப்படுகிறோம்.

இந்த எண்களை வாசிக்கத் தெரிந்துகொள். முன்னது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, பின்னது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து உன் கண்ணை நோக்கி வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x56 என்றால் 7 மில்லிமீட்டர். இருட்டில் உன் வயதுக்காரரின் கண்பாவை ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும். ஐம்பதைத் தாண்டிய எனக்கு 5 வந்தாலே அதிகம். அதாவது, ஒரே 8x56-இல் நாம் இருவரும் மாறி மாறிப் பார்த்தால் உனக்குத் தெரியும் மான் எனக்குத் தெரிவதைவிடப் பளிச்சென்று இருக்கும். 56-க்குப் பணம் கொட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

3 மடங்கிலிருந்து 9 வரை மாற்றக்கூடிய சாதாரண 3-9x40-ஐ எடுத்துக்கொள். 9-இல் வைத்தால் 4.4 மில்லிமீட்டர், 6-க்கு இறக்கினால் 6.7. ஒரு வளையத்தைத் திருப்பினால் போதும், 8x56-ஐ நெருங்கிவிடுகிறாய். மாற்றவே முடியாத 6x42-வும் 7 மில்லிமீட்டர்தான். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பல வேட்டைக்காரர்கள் அந்த ஒன்றை வைத்தே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

இந்த வகுத்தல் தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் மூன்றாவது வருடம். பெரிதாக இருந்தால் நல்லது என்று 4-16x50 வாங்கி, அதையும் 16-இலேயே வைத்துக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தேன். கருக்கலில் ஒரு கலைமான் அறுபது கஜத்தில் வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஸ்கோப்புக்குள் பார்த்தால் பழுப்பு மயிர் மட்டும்தான். தோளா தொடையா, ஒன்றும் புரியவில்லை, அதுவும் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். 50-ஐ 16-ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மான் தன் பாட்டுக்குப் போய்விட்டது. மரங்கள் அடர்ந்த நம் காட்டில் நூறு கஜத்துக்கு மேல் சுட வாய்ப்பே அபூர்வம். அந்தி விழுந்தால் 5, 6-க்கு இறக்கி வை.

கண்ணாடியின் தரத்துக்கு வருவோம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும். 14 பரப்புகளைத் தாண்டி வருவதற்குள் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 1935-இல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சுதான் இந்த இழப்பைக் குறைத்தது. இன்று டப்பாவில் "ஃபுல்லி மல்ட்டி-கோட்டட்" என்று போட்டிருக்கிறதா பார். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று அர்த்தம். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் பூசியிருப்பார்கள். அதற்குமேல் 91 சதவீதமா 95 சதவீதமா என்ற சண்டையில் இறங்காதே, உன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடியது வேறு: மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மலிவான ஸ்கோப் உள்ளே பால் ஊற்றியது போல வெளுத்துவிடும், நல்லது கறுப்பைக் கறுப்பாகவே காட்டும்.

30 மில்லிமீட்டர் குழாய் போட்டால் வெளிச்சம் கூடும் என்று ஒரு கடையில் என்னிடம் அடித்துச் சொன்னார்கள். பொய். குறியை ஏற்ற இறக்க இடம் கூடும், அவ்வளவுதான்.

பலர் கவனிக்காத விஷயம் குறுக்குக்கோடு. மான் தெரியும், மானின்மேல் கோடு தெரியாது. அந்தியில் பலரை ஏமாற்றுவது இதுதான். ஹெம்லாக் மர நிழலில், குளிர்காலச் சாம்பல் மயிரோடு நிற்கும் மானின்மேல் தலைமயிர் போன்ற கோடு கரைந்துவிடும். ஆகவே ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த டூப்ளெக்ஸ் வகையோ, மூன்று பக்கமும் கட்டை மாதிரி தடித்த ஜெர்மன் 4-ஆம் எண் வகையோ வாங்கு. நடுப்பகுதி தெரியாமல் போனாலும் தடித்த கோடுகள் எங்கே சந்திக்கும் என்பதைக் கண்ணே ஊகித்துவிடும். நடுவில் சிவப்புப் புள்ளி எரிகிற வகையும் நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு: அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அதைக் குறைக்க முடிய வேண்டும். பளிச்சென்று எரிந்தால் அந்த ஒளியே மானை மறைத்துவிடும்.

சிவப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1819-இல் பர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் கவனித்தார்: பொழுது சாயச் சாயச் சிவப்புப் பூக்கள் முதலில் கறுத்துப்போகின்றன, நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கின்றன. நிறம் காணும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள் பொறுப்பேற்பதால் வருவது இது. கோல் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது. அதனால் கருக்கலில் மானை நேராக உற்றுப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்பத் தெரியும். அவை முழுதாகப் பழகுவதற்கு அரை மணி பிடிக்கும், கைப்பேசியை ஒருதரம் எடுத்துப் பார்த்தால் பழகியது பாழ். இருட்டுக்குப் பழகிய கண் எந்தக் கடையிலும் விற்காத ஸ்கோப். அந்திநேரத்தில் கைப்பேசியைத் தொடாதே.

என் வலது புருவத்தில் பிறை மாதிரி தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் தொட்டுத் தொட்டுக் கேட்பாய். ஸ்கோப்புக்கு மிக அருகில் கண்ணை வைத்துச் சுட்டதில் பின்னுதைத்து வெட்டியது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு விரலுக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். முன் கண்ணாடி பெரிதாகப் பெரிதாக ஸ்கோப்பை உயர்த்திப் பூட்ட வேண்டியிருக்கும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது. 56-ஐ நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் அருமையாகத்தான் தெரியும். சாயங்காலம் போ. இரண்டை ஒரே மடங்கில் வைத்து, வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாமா என்று கேள். எதிரே நிழலடித்த மரத்தடியில் காய்ந்த குச்சி ஒன்றைத் தேர்ந்தெடு. எதில் அது கடைசிவரை தெரிகிறதோ அதை வாங்கு.

குச்சி எதற்கு என்கிறாயா? 2002 முதல் இந்த மாநிலத்தின் பெரும்பகுதியில், கலைமான் என்றால் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 கிளை இருந்தால்தான் உன்னைப் போன்ற பெரியவர்கள் சுடலாம். ஓர் அங்குல நீளம் இருந்தாலே அது கிளைதான். அதை அந்தியில் எண்ண வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தப்புச் செய்கிறார்கள், எண்ணுவதற்கு ஸ்கோப்பைத் தூக்குகிறார்கள். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ துப்பாக்கிக் குழலும் அங்கேதான் பார்க்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால்? எண்ணுவதற்குப் பைனாகுலர். ஆயிரம் டாலர் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதில் சரிபாதியை நல்ல 8x42 பைனாகுலருக்கு ஒதுக்கு. மிச்சத்தில் தடித்த கோடு போட்ட 3-9x40 ஒன்று தாராளமாகக் கிடைக்கும்.

பைனாகுலரில் கிளை எண்ண முடியவில்லை என்றால் அன்றைக்கு வேட்டை முடிந்தது, மணி 5 ஆகாவிட்டாலும்கூட. நான் சட்டம் சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கிவிடுவேன். அடிபட்ட மான் சதுப்புக்குள் ஓடினால் டார்ச்சோடு இரத்தத்தடம் தேடுவது என்ன பாடு என்று ஒருமுறை பட்டுவிட்டேன்.

வாங்கியதும் துப்பாக்கியோடு அக்டோபரில் இங்கே வா. நூறு கஜத்தில் குறி சரிபார்த்துத் தருகிறேன். மிளகு போட்டு வறுக்க, போன வருடத்து மான் கறி உறைபெட்டியில் இன்னும் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா