கரிசல் வெயிலில் காது மிஷின்

அருப்புக்கோட்டையில் காது மந்தமானவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. விசைத்தறி ஓடும் தெருவில் நின்று வயதான நெசவாளர் யாரிடமாவது வழி கேளுங்கள். "என்ன கேட்டீக?" என்று திருப்பிக் கேட்பவர் ஒருவராவது இருப்பார். நாடா அடிக்கும் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கிற சத்தம் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது காது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கூடத்தில்தான் என் வயது ஓடியது. தறிக்குள் எங்கள் பேச்செல்லாம் வாயசைவும் கைச்சாடையுமே. அதனால் காது குறைந்ததே வெகுநாள் உறைக்கவில்லை. வீட்டில் டிவி சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

இப்போது இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டும் மிஷின் போட்டிருக்கிறேன். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடும் என் மச்சானும் போட்டிருக்கிறார். எங்கள் இருவருக்கும் பழகிப் பழகிப் புரிந்த சங்கதிகள் சில உண்டு. மிஷினோடு வரும் காகிதத்தில் பொதுவாக எல்லாம் போட்டிருக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அதில் இல்லை.

மழையில்லாத ஊரிலும் மிஷின் நனையும்

மானம் பார்த்த பூமியில் ஈரத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே மிஷினை நனைப்பது வேர்வை. சித்திரை வைகாசியில் காதுக்குப் பின்னால் வேர்வை நிற்காமல் வழியும், மிஷின் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். வேர்வையில் உப்பு இருக்கிறது. அது செல் போடும் கதவின் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். பூத்துவிட்டால் புதுச் செல் போட்டாலும் சத்தம் விட்டு விட்டு வரும்.

இதற்கு நான் செய்வது சுலபமான காரியம். தோளில் கிடக்கும் துண்டின் காய்ந்த முனையால் மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மிஷினையும் காதின் பின்புறத்தையும் துடைத்துவிடுவேன். ஈரத்துணி, ஸ்பிரிட், சானிடைசர், மண்ணெண்ணெய் எதுவும் மிஷின் மேல் படக் கூடாது.

ராத்திரி கழற்றியதும் செல்லை வெளியே எடுத்து, கதவைத் திறந்தபடி விட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நீல நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாக மாறும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகும். நிறம் மாறிவிட்டால் புது ஜெல் வாங்கிப் போட வேண்டும். அந்த டப்பாவில் மிஷினைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். செல்லை அதோடு சேர்த்து வைத்தால் செல்லும் உள்ளுக்குள் காய்ந்து சீக்கிரம் தீர்ந்துபோகும்.

மிஷின் தப்பித் தவறி நனைந்துவிட்டால் உடனே செல்லை எடுத்துவிட்டு, துடைத்து, ஜெல் டப்பாவில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைப்பது, முடி உலர்த்தும் மிஷினால் ஊதுவது, அடுப்பு மேடையில் வைப்பது எல்லாமே கெடுதல். வண்டியின் முன்பெட்டி, ஜன்னல் திண்டு, விளக்கும் சூடமும் எரிகிற சாமி அலமாரி, இந்த மூன்று இடத்திலும் மிஷினை வைக்க நான் விடுவதில்லை. செல் மாற்றாமல் சார்ஜ் போடும் வகை மிஷினுக்கு இந்தச் சூடு இன்னும் ஆகாது.

மார்கழிக் காலையில் வேறொரு வகை ஈரம் வரும். காதுக்குள் இருந்து வரும் வெதுவெதுப்பான காற்று, மிஷினிலிருந்து காதுக்குச் சத்தம் கொண்டுபோகும் குளிர்ந்த ட்யூபில் பட்டுத் துளியாக நின்றுவிடும். மிஷின் ஓடும், சத்தம் மட்டும் வராது. ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தத் துளி தெரியும். ரப்பர் பந்து ஊதியால் நாலு அழுத்து அழுத்தினால் வெளியே வந்துவிடும். வாயால் ஊதக் கூடாது, நம் மூச்சிலேயே ஈரம் இருக்கிறது.

பஞ்சும் கரியும்

மிஷினின் மேல்முதுகில் ஊசிமுனை அளவுக்குச் சின்னத் துளைகள் இருக்கும். அதுதான் மைக். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி, மிளகாய் வற்றல் களத்துத் தூசி, குதிரைவாலி தூற்றும்போது பறக்கும் சுணை எல்லாம் போய் அடைவது அங்கேதான். மிஷினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். அப்படிச் செய்தால் தூசி கீழே விழும், உள்ளே போகாது. ஊக்கு, ஊசி, தீக்குச்சி எதையும் அந்தத் துளைக்குள் விடவே கூடாது.

மச்சானுக்குச் சீமைக்கருவேல் மூட்டத்தைப் பிரிக்கிற நாள் என்றால் முகமெல்லாம் கரி. அன்றைக்கு அவர் மிஷினைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்து, சோற்றுத் தூக்குவாளி இருக்கும் பைக்குள் போட்டுவிடுவார். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும், பீடித் தூளும் ஒட்டும். "கரி ஒடைக்கையில நீங்க என்னய எம்புட்டுக் கத்திக் கூப்புட்டாலும் காதுல விழாது மாமா, கல்லெடுத்து எறிஞ்சுதான் கூப்புடணும்" என்பார் சிரித்துக்கொண்டே.

எண்ணெய் தேய்த்து, தலை சீவி, பவுடர் போட்டு, கை கழுவித் துடைத்த பிறகுதான் மிஷினை மாட்ட வேண்டும். குளிக்கும்போதும், சலூனில் முடிவெட்டும்போதும், தூங்கும்போதும் அது டப்பாவில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் மிஷினோடு போகவே கூடாது. அங்கே இருக்கும் காந்தம் மிஷினையும் பாழாக்கும், ஆளுக்கும் ஆபத்து.

மிஷின் கூவினால்

'விசில் அடிக்குது' என்று சொல்லித்தான் பாதிப் பேர் மிஷினைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். மிஷினிலிருந்து காதுக்குள் போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து, திரும்ப மைக்குக்கே வந்து சேர்வதால்தான் அந்தக் கூவல். கசிவு எங்கே என்று வீட்டிலேயே பார்க்கலாம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது காதிலிருந்து எடுத்து, ட்யூபின் முனையில் காதுக்குள் உட்காரும் மோல்டின் நுனித் துளையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடுங்கள். கூவல் நின்றால் மிஷினும் ட்யூபும் நன்றாக இருக்கின்றன. மோல்டு காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. மூடிய பிறகும் கூவினால் ட்யூபிலோ, அது சேரும் வளைவிலோ கீறல் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் கோளாறு மிஷினுக்குள்ளேதான்.

புதிதாக இருக்கும்போது ட்யூப் கண்ணாடி போலத் தெளிவாக, வளைத்தால் வளையும். நம்மூர் வெயிலுக்கு அது மஞ்சளித்து விறைத்துப்போகும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. விலை அதிகமில்லை. விறைத்த ட்யூப் மோல்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் காதும் வலிக்கும்.

மோல்டை வாரம் ஒரு தரமாவது கழுவ வேண்டும். மிஷினிலிருந்து ட்யூபோடு சேர்த்து அதைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு அலசி, ஊதியால் தண்ணீரை வெளியேற்றி, ராத்திரி முழுக்க உலரவிட்டுக் காலையில் மாட்டுங்கள். இரண்டு காதுக்கும் மிஷின் இருந்தால் வலது இடது மாறக் கூடாது. சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது.

செல் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினுக்குப் பெரும்பாலும் 13 அல்லது 675 எண் செல் போடுவார்கள். 13-க்கு ஆரஞ்சு ஒட்டு, 675-க்கு நீல ஒட்டு. நம்பர் மறந்துபோனாலும் நிறத்தைச் சொல்லி வாங்கிவிடலாம். இது காற்றை எடுத்துக்கொண்டு வேலை செய்யும் துத்தநாகச் செல். ஒட்டைப் பிரித்ததும் ஒரு நிமிடம் வெளியே வைத்திருந்து பிறகு போட்டால் நன்றாகப் பிடிக்கும். பிரித்த ஒட்டைத் திரும்ப ஒட்டினாலும் செல் தூங்காது, தீர்ந்துகொண்டேதான் இருக்கும். வறண்ட காற்றில் இன்னும் சீக்கிரம் காய்ந்துபோகும். அதனால் தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள். வாங்கும்போது அட்டையில் காலாவதி மாதத்தைப் பாருங்கள், மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

இந்தச் செல் பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும். சர்க்கரை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கண் மங்கிய பெரியவர்கள் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. சின்னப் பிள்ளைகள் விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. உள்ளே சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிடப் பார்க்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். செல் அட்டையைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும். எங்கள் வீட்டில் தீர்ந்த செல்லுக்குத் தனி டப்பா, பேரப்பிள்ளை கை எட்டாத பரண் மேல் இருக்கிறது. தீர்ந்த செல்லும் தீங்கு செய்யும்.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள்

கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் தின்றுவிடும். காதுப் பரிசோதனை செய்து, அந்த வரைபடத்துக்கு ஏற்றபடி சத்தத்தை வைத்துக் கொடுப்பார்கள். அதனால் அண்ணன் மிஷினைத் தம்பி வாங்கிப் போடக் கூடாது. விருதுநகர் பங்குனிப் பொங்கல் மாதிரி மேளமும் வேட்டும் சேர்கிற இடத்தில் மிஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவதே நல்லது.

காதில் நல்லெண்ணெய் விடுவது, கோழி இறகால் குடைவது இரண்டும் எங்கள் பக்கம் இன்றும் நடக்கிறது. இரண்டும் வேண்டாம். குறும்பியை மருத்துவர் எடுக்கட்டும். காதில் சீழோ வலியோ புண்ணோ இருந்தால், ஆறும்வரை மிஷினை மாட்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

புதிதாக மாட்டியவருக்கு முதல் வாரங்களில் தட்டு வைக்கும் சத்தம்கூட மண்டைக்குள் இடிக்கும், தன் குரலே அந்நியமாகத் தெரியும். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுப் பழகி, நாளாக நாளாக நேரத்தைக் கூட்ட வேண்டும். வீட்டார் முன்னால் வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும். தறியில் கற்ற வாயசைவு வாசிப்பு மிஷின் போட்ட பிறகும் எனக்குக் கைகொடுக்கிறது.

காசில்லை என்று காதை விட்டுவிட வேண்டாம். விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தகுதியுள்ளவர்களுக்கு இந்த மிஷின் இலவசமாகவே கிடைக்கும். அதற்குக் காதுப் பரிசோதனை முடிவும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டும். 60 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா திட்டத்திலும் காது மிஷின் உண்டு. பரிசோதனைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம்.

உங்கள் வீட்டு அப்பத்தாவோ தாத்தாவோ 'இது சரிப்படல' என்று பீரோவில் போட்ட மிஷின் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். மோல்டைக் கழுவுங்கள், ட்யூபை மாற்றுங்கள், புதுச் செல் போடுங்கள். கூவினால் கட்டைவிரலால் மூடிப் பாருங்கள். அப்படியும் சத்தம் வரவில்லை என்றால் மிஷினையும் ஆளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காது கேட்காத பெரியவர் வீட்டிலேயே ஒதுங்கிப்போவது வயதால் மட்டும் வருவதில்லை. ட்யூபை மாற்றிக் கொடுக்க ஒருவர் இல்லாததாலும் வருகிறது.