பெண்ணின் பெயரும் எழுத்தும்

நம் பாட்டிமார் காலத்தில் பல வீடுகளில் பெண்மக்களுக்கு ஓதக் கற்பித்தார்கள், எழுதக் கற்பிக்கவில்லை. எழுதத் தெரிந்தால் கடிதம் எழுதி விடுவாளாம்! கணவர் மலாய் நாட்டில் கடை வைத்திருப்பார். ஊரிலிருக்கும் மனைவி, பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துச் சொல்லித்தான் கடிதம் எழுதுவிக்க வேண்டும். அந்தப் பையனிடம் எதைத்தான் சொல்ல முடியும்? பிள்ளைக்குக் காய்ச்சல், பணம் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

அத்தகைய காலத்தில், 1917-ல், நாகூரில் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. சிறு வயதிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரையும் இழந்தார். ஆயினும் 1938-ல் அவருடைய "காதலா? கடமையா?" என்னும் நாவல் அச்சாகி வெளிவந்தது. முகவுரை வழங்கியவர் யார் தெரியுமா? மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர்! தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இவரைச் சொல்வர். நூலின் மேல் இருந்தது அவருடைய சொந்தப் பெயர். 1998-ல் அவர் காலமானார்.

ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று வியாபாரிகளாகிய நாம் கேட்கலாமா? கடைப் பலகையில் யார் பெயர், பத்திரத்தில் யார் பெயர் என்பதற்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதை நாம் அறிவோம். 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் பல தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கு விதித்த தினக்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றுதான், பாலும் ஒன்றுதான். செக்ரோலில் பெண் பெயருக்கு நேரே பத்துக் காசு குறைவு.

பெண் பெயர் வெளியே வருவது மார்க்கத்துக்கு ஆகாது என்பாரும் நம்மில் உண்டு. அவர்கள் நம் நெகிரி செம்பிலானிலேயே ரெம்பாவ், கோலப்பிலா பக்கம் போய் வரட்டும். அங்கே அடாட் பெர்பாத்தே வழக்கப்படி, பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பதிவேட்டிலும் பெண் பெயரே. அவர்களும் முஸ்லிம்கள்தாமே!

காலம் போகப் போகத் தானே எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்த கவிஞர் சல்மா அவர்களைப் பாருங்கள். 13 வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். மணமான பின்னும் எழுதத் தடை. முதல் கவிதைத் தொகுதி 2000-ல் வந்தது; நம் வீட்டுப் பெண்களின் வாழ்வைச் சொல்லும் "இரண்டாம் ஜாமங்களின் கதை" 2004-ல் வந்தது. அதில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார் என்று சிலர் முகம் சுளிப்பர். முகம் சுளிப்பவர் முதலில் புத்தகத்தைப் படிக்கட்டும். 2001-ல் ஊராட்சித் தலைவரான அவர், 2025-ல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார்.

நாகூர் அம்மையார் 1938-ல் சொந்தப் பெயரில் எழுதினார். அறுபது ஆண்டு கழித்து வந்தவர் பெயரை மறைக்க வேண்டியதாயிற்று. சல்மா என்பது புனைபெயர். வீட்டார் உறங்கிய பிறகு, குளியலறைக்குள் போய் நின்று எழுதினார். அந்தத் தாள்களை ஒருவரும் அறியாமல் வெளியே எடுத்துச் சென்று பத்திரிகைக்கு அனுப்பி வைத்தவர் அவரைப் பெற்ற தாயார்.