பெயர் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்?

அன்புள்ள மருமகளுக்கு,

பிஎச்பி 8-ல் வந்த புது வசதிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு வசதி எதற்காக வந்தது, யார் என்ன சொல்லி மறித்தார்கள் என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. அதற்கு ‘பிஎச்பி இன்டர்னல்ஸ் நியூஸ்’ பாட்காஸ்டைக் கேள். எக்ஸ்டீபக் கருவியை எழுதிய டெரிக் ரீத்தன்ஸ் 2019-ல் தொடங்கியது. மொழியில் மாற்றம் கோரும் முன்மொழிவை, அதாவது ஆர்எஃப்சியை, எழுதியவரையே அழைத்து, இது எதற்கு, பழைய நிரல் எங்கே உடையும், எதிர்ப்பு என்ன என்று கேட்பார். ஆரவாரமில்லாத பேச்சு, முதலில் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும்.

நிகிதா போபோவின் ‘நேம்ட் ஆர்கியுமென்ட்ஸ்’ ஆர்எஃப்சியிலிருந்து தொடங்கு. ஃபங்ஷனை அழைக்கும்போது மதிப்புகளைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதி அது. பிஎச்பி தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் இப்படியே எழுதிப் பார்க்கலாம்:

வட்டி(அசல்: 10000, வீதம்: 8, ஆண்டு: 2)

எது அசல், எது வீதம் என்று வரிசையை நினைவில் வைக்க வேண்டாம். இவ்வளவு எளிய வசதிக்கு யார் மறுப்புச் சொல்வார்கள் என்று தோன்றுகிறதா? இதற்கான ஆர்எஃப்சி 2013-லேயே எழுதப்பட்டது. ஏற்கப்பட்டு வெளிவந்ததோ 2020 நவம்பரில், 8.0 பதிப்பில்தான்.

சிக்கல் இங்கே இருக்கிறது. அதுவரை பாராமீட்டரின் பெயர் ஃபங்ஷனை எழுதியவரின் சொந்த விஷயம். ‘வீதம்’ என்பதை அவர் ‘விகிதம்’ என்று மாற்றினால் வெளியே யாருக்கும் தெரியாது. இந்த வசதி வந்தபின், அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர்களின் நிரல் அத்தனையும் பிழை காட்டி நிற்கும். லைப்ரரி எழுதுபவர்கள் முகம் சுளித்தது இதனால்தான். அப்பா கிளாஸில் ஒரு பெயர், பிள்ளை கிளாஸில் வேறு பெயர் என்றால் சிக்கல் இன்னும் கூடும். அதை முன்கூட்டியே தடுத்தால் ஏராளமான பழைய நிரல் உடையும் என்பதால், தவறான பெயரில் அழைக்கும்போது மட்டும் பிழை தருவது என்று முடிவாயிற்று. எனக்கு அது அரைமனதான சமரசமாகத்தான் படுகிறது. ஆனாலும் வேறு வழி சொல் என்றால் என்னிடம் இல்லை.

ஆர்எஃப்சியை ஏற்பதற்கான ஓட்டு நடைமுறை சுருக்கமானது. குறைந்தது இரண்டு வாரம் விவாதம், பிறகு வாக்கெடுப்பு, ஏற்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. வாக்குரிமை எல்லோருக்கும் கிடையாது.

கேட்பதற்கு முன் ஆர்எஃப்சியைத் திறந்து, பழைய நிரலுக்கு என்ன பாதிப்பு என்ற பகுதியை மட்டும் படித்துவிடு. அப்போதுதான் டெரிக் அந்தக் கேள்விக்கு வரும்போது காது கூர்மையாகும். தோற்றுப்போன ஆர்எஃப்சிகளையும் தள்ளிவிடாதே. நிரலை ‘<?’ என்று மட்டும் எழுதித் தொடங்கும் ‘ஷார்ட் ஓப்பன் டேக்’கை ஒழிக்கும் யோசனை 2019-ல் வாக்கெடுப்பில் தேறியது. அதன்பின் எழுந்த எதிர்ப்பில் திருத்திய வடிவம் மறுபடி வாக்குக்கு வந்து தோற்றது. என்னைக் கேட்டால், ஜெயித்ததைவிட இதில்தான் பாடம் அதிகம்.

இப்போதைக்கு அந்த வட்டி ஃபங்ஷனை எழுதி, அழைக்கும் வரியைத் தொடாமல் பாராமீட்டரின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார். வரும் பிழைச் செய்தியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா