வெட்கத்தால் மறைக்கும் நோய்: இடுப்புக்குக் கீழே நரம்பு செய்யும் வேலை



டாக்டரிடம் போனால் காய்ச்சல், இருமல், முட்டிவலி எல்லாவற்றையும் சொல்கிறோம். இடுப்புக்குக் கீழே உள்ள தொல்லையை மட்டும் சொல்வதில்லை. புருஷன் மனைவியிடம் மறைக்கிறார், மனைவி புருஷனிடம் மறைக்கிறார். இதனால் குடும்பங்கள் குலைகின்றன. சில வேளை உயிருக்கே ஆபத்து வருகிறது. ஆகவே இம்முறை அதைப் பற்றியே பேசுவோம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 45 வயது மண்டோர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வருஷமாகத் தாம்பத்தியத்தில் அவருக்கு ஆணுறுப்பு விறைப்பதில்லை. "ஆம்பளத்தனம் போச்சு, யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்று அவர் குமைகிறார். "வெளியில எவளோ இருக்கா" என்று மனைவி அழுகிறார். இரண்டும் தவறு. அவருக்குப் பாதம் மரத்துப்போகிறது. ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இனிப்பு நீர் நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

நரம்பின் வேலை

தோட்டத்தில் பெரிய துரையின் உத்தரவு கிராணி வழியாக மண்டோருக்கு வந்து, பிறகு தீம்பாருக்குப் போகும். உடம்பிலும் அப்படித்தான். மூளை துரை, முதுகுத்தண்டு கிராணி, நரம்புகள் மண்டோர்கள். முதுகுத்தண்டின் அடிப்பக்கத்திலிருந்து வரும் நரம்புகள்தான் சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு, இடுப்பின் அடித்தசை ஆகியவற்றை நடத்துகின்றன. ஒன்று பழுதானால் மற்றதும் தடுமாறுவது இதனால்தான்.

நம் உத்தரவு இல்லாமல் தாமாக இயங்கும் நரம்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பதற்ற நரம்பு. தீம்பாரில் நல்ல பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறதே, அது இதன் வேலை. மற்றது அமைதி நரம்பு. மனசு நிம்மதியாக இருக்கும்போது இந்த அமைதி நரம்பு இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஆணுக்கு விறைப்பும் பெண்ணுக்கு ஈரப்பசையும் அப்படித்தான் வருகின்றன. கடன் தொல்லை, தூக்கமின்மை, சண்டை என்று பதற்ற நரம்பே ஓயாமல் வேலை செய்தால், உடம்பு ஒத்துழைக்காது. இது நடிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

நம் சமூகத்தின் நிலை

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்! பால்மரம் சீவிய காலத்தில் விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் நிரை நிரையாக நடந்தோம். இன்று ஈப்போ புந்தோங்குக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடியேறி, காவல் வேலையிலும் லோரியிலும் உட்கார்ந்திருக்கிறோம். நடை குறைந்தது, சோறும் பால் தேநீரும் குறையவில்லை.

இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால், நரம்புக்கு உணவு கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் கெடுகின்றன. ஆண்களுக்கு விறைப்புக் குறையும். பெண்களுக்கு வறட்சி, உணர்ச்சிக் குறைவு, அடிக்கடி அரிப்பு வரும். இருபாலருக்கும் சிறுநீர் முழுதாக இறங்காமல் தங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணுறுப்பின் இரத்தக் குழாய் இருதயக் குழாயைவிடச் சிறியது. அடைப்பு அங்கே முதலில் தெரியும். மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

தாய்மார்களுக்கு

பிரசவத்தில் இடுப்பின் அடித்தசையும் அதன் நரம்பும் இழுபடுகின்றன. பிறகு காண்டாவில் பால் வாளி சுமந்தும், செம்பனைக் குலை தூக்கியும் தசை தளர்கிறது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இதற்குப் பயிற்சி உண்டு. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுத்து, 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஆண்களும் செய்யலாம். செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

"ஆண்மைக் கோப்பி", "ஸ்பெஷல் மாத்திரை" என்று சந்தையில் விற்பதை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட சரக்குகளில் சில்டெனாபில் போன்ற மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைப்பவர் அதைக் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இரத்த அழுத்த மாத்திரையால்தான் இந்தக் குறை என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுக்க வழியுண்டு.

உடனே ஓட வேண்டிய நேரம்

பாரம் தூக்கியோ விழுந்தோ முதுகு வலித்து, அதோடு உட்காரும் இடமும் தொடை உட்புறமும் மரத்து, சிறுநீர் போக முடியாமலோ மலம் அடக்க முடியாமலோ ஆனால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

மற்றத் தொல்லைகளுக்கு அரசாங்கக் கிளினிக் போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள். என்ன சொல்வது என்று தயங்குகிறவர்கள் இதை மட்டும் சொல்லுங்கள்: "டாக்டர், தாம்பத்தியத்தில் எனக்கு ஒரு குறை இருக்கு." அவர் தினமும் கேட்கிற வார்த்தைதான் அது. முடிந்தால் புருஷனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.