இழந்ததைப் பேசுவோம்



சொந்த இடத்தை விட்டு வந்தவர்கள் ஒன்றுகூடும்போது வீடு, நட்டஈடு, காணி உறுதி ஆகியவற்றைப் பற்றியே முதலில் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால் எம்மை விட்டுப் போனவர்களைப் பற்றியோ, கைவிட்டுப் போன தொழிலைப் பற்றியோ நாம் வாய் திறப்பதில்லை. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

1. எமது மலைகளில் நடந்தவை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. தீபாவளி முடிந்து ஒரு வாரம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோர் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் போன பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பண்டாரவளை, எல்ல பகுதிகளில் வேறுவிதமான இழப்பு ஏற்பட்டது. உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. கிணறுகள் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன. காணி இருந்த இடத்திலேயே இருந்தது. மரக்கறி போடத் தண்ணீர்தான் இல்லை.

2. துக்கம் விசாரிக்க ஆள் வராத இழப்பு

ஒருவர் இறந்தால் ஊர் கூடுகிறது. அழுகிறோம், அடக்கம் செய்கிறோம், கருமாதி செய்கிறோம். இவை வெறும் சடங்குகள் அல்ல. "இது நடந்துவிட்டது" என்று மனம் ஏற்றுக்கொள்ள உதவும் படிகள். உடல் கிடைக்காதபோது இந்தப் படிகள் இல்லாமற் போகின்றன. "எங்காவது உயிரோடு இருப்பாரோ" என்ற எண்ணம் விடுவதில்லை. அமெரிக்க அறிஞர் போலின் பாஸ், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இத்தகைய துயரம் நீண்டு போவது அந்தக் குடும்பத்தின் பலவீனத்தால் அல்ல என்பதே அவர் காட்டிய உண்மை.

தொழிலை இழப்பதும் இதைப் போன்றதே. கிணறு வற்றினால் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. மண்சரிவு எச்சரிக்கையால் இடம்பெயர்ந்து எமது குழுவுக்கு வந்த ஓர் அண்ணன், மாடுகளை விற்று ஒரு வருடமாகியும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். பால் கறந்து பழகிய கைகள் அவை. "வேலைக்குப் போகாத சோம்பேறி" என்று அவரை நாமும் நினைத்தோம். அது எமது தவறு. அவர் மாடுகளை மட்டும் இழக்கவில்லை. தாம் யார் என்பதையும் இழந்திருந்தார்.

3. நாம் செய்யக்கூடியவை

• இழந்ததைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். இறந்தவரின் பெயர், விட்டுவந்த மலையின் பெயர், மாட்டின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். "மறந்துவிடு" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

• உடல் கிடைக்காவிட்டாலும் ஆண்டு நினைவைக் குடும்பமாகச் செய்யுங்கள். கோயிலோ, ஆலயமோ, விகாரையோ, வீட்டு வாசலோ, இடம் எதுவானாலும் சரி. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

• கைகளுக்குப் பழகிய வேலையைச் சிறிதாகவேனும் தொடங்குங்கள். புதிய வீட்டில் இடம் இல்லையென்றால் நான்கு உரப்பைகளில் கீரையும் மிளகாயும் போடலாம். வருமானத்துக்காக மட்டுமல்ல, காலையில் எழுவதற்கு ஒரு காரணம் கிடைப்பதற்காகவும்.

• கசிப்பினால் துயரம் குறைவதில்லை. வீட்டில் மற்றவர்களின் துயரமும் கூடுகிறது. தூக்கமோ சாப்பாடோ பல வாரங்களாக இல்லையென்றால், அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.

• துயரத்தைப் பேசுவது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது. இறப்புப் பதிவு, நட்டஈடு, காணி பற்றிய கடிதங்களின் பிரதிகளை ஒரே பையில் வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். மீரியபெத்தைக் குடும்பங்களுக்குப் பூனாகலையில் புதிய வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. இப்படிக் காத்திருக்கும் காலத்தில் ஒருவருக்கொருவர் துணை வேண்டும்.

அந்த அண்ணன் இப்போது அயல்வீட்டுக்காரரின் பசுவைக் காலையில் கறந்து கொடுக்கிறார். பழைய மாடுகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் கண் கலங்குகிறார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கலாம் என்பதை அவரிடம் நாம் கற்றோம்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயர்ந்தபின் நீங்கள் இன்னும் யாரிடமும் சொல்லாத இழப்பு எது?

2. உங்கள் அயலில் "சோம்பேறி" என்று பெயர் எடுத்தவர் யாராவது உண்டா? அவர் எதை இழந்தார் என்று கேட்டதுண்டா?

3. அடுத்த கூட்டத்துக்கு முன் யாருடைய வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவீர்கள்?