எந்தச் சொல்லில் தேடுவார்கள்?

கிள்ளானில் மாலை கட்டும் அத்தை ஒருவருக்குப் போன விடுமுறையில் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். தலைப்பு, 'லிட்டில் இந்தியா பூக்கடை'. ஒரு மாதம் ஆகியும் ஓர் ஆர்டர்கூட வரல.

தப்பு என்னுடையதுதான். லிட்டில் இந்தியா என்றால் எது? கிள்ளானில் தெங்கு கிளானா சாலையா, 2010-இல் திறப்பு விழா கண்ட பிரிக்பீல்ட்ஸா, பினாங்கா, சிங்கப்பூரா? அதைத் தேடுபவர்களில் பலர் சுற்றிப் பார்க்க வருபவர்கள். மேலே நிற்பவை பெரிய சுற்றுலாத் தளங்கள். அத்தை அங்கே எப்படி முட்டி மோதுவார்?

'கல்யாண மாலை கிள்ளான்' என்று தேடுபவர் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம் இருக்கு!

அடுத்த சிக்கல் மொழி. நம்மவர்கள் தமிழில் பேசி, ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம், நடுவில் மலாய். 'மாலை', 'கார்லண்ட்', 'கெடாய் பூங்கா' மூன்றையும் கூகள் டிரெண்ட்ஸில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடலாம், இலவசம். அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர் எண்ணிக்கை இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் அளவு. சின்ன ஊர்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே காட்டாது. அதனால் அத்தையின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். "ரோஜா மாலை ஒரு ஜோடி எவ்வளவு?" இதையேதான் பலரும் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் விலையே இல்லை!

சொற்களைப் பக்கத்துக்குப் பின்னால் மறைவாக அடுக்கும் பழைய வித்தை வேண்டாம். அந்த 'கீவர்ட்ஸ்' குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகள் 2009-லேயே சொல்லிவிட்டது.

இப்போது தலைப்பு, 'கல்யாண ரோஜா மாலை, கிள்ளான்'. கீழே விலைப் பட்டியல். பிரிக்பீல்ட்ஸ் பெயரையும் சேர்க்க ஆசைதான். அத்தை அங்கே அனுப்புவதில்லை, விட்டுவிட்டேன்.